வாளுக்கு ஊர் தேடிய கதை

என் கணவர் ஏலக்காயைக் கையில் எடுத்தால் போதும், அது எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். ஒரு காயை உரித்து முகர்ந்து பார்த்து, "இது மேட்டுக்கு அங்கிட்டு நெழல் தோட்டத்துக் காயி, மழைக்கு முன்னாடி எடுத்தது" என்பார். விற்க வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார். நான் போடியில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரமும் பூகோளமும் நடத்தினேன். உலகப் படத்தில் எந்த நாட்டைக் கேட்டாலும் பார்க்காமலே தொட்டுக் காட்டுவேன். இப்படி இரண்டு பேர் இருந்த வீட்டில், ஒரு வாள் எந்த ஊரில் செய்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் ஆனது. அதில் இரண்டரை வருடம், கண்டுபிடித்துவிட்டோம் என்ற நினைப்பிலேயே கழிந்தது.

எழுபதுகளின் நடுவில் போடிமெட்டைத் தாண்டி எஸ்டேட் வைத்திருந்த ஒரு வயதான துரை, எஸ்டேட்டை விற்றுவிட்டுக் குன்னூருக்குக் குடிபோனார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. கோட்டயத்துக்காரர்தான். தொப்பி போடுவார் என்பதால் எல்லோருக்கும் துரை. போகிறபோது பங்களாவில் இருந்த சாமான்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். என் கணவர் ஒரு தேக்கு அலமாரியை வாங்கினார்.

"நீ புஸ்தகமா வாங்கி வாங்கித் தரையில அடுக்குற. இனிமே இதுல அடுக்கு" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் எனக்கென்று அவர் வாங்கிய பெரிய பொருள் அதுதான்.

ஜீப்பின் கூரையில் வைத்துக் கட்டி இறக்கினார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் அசையாமல் வந்த அலமாரி எங்கள் வீட்டு நிலைப்படியில் நுழையவில்லை. படுக்கப்போட்டு உள்ளே தள்ளினார்கள். அப்போது அதன் உச்சிப் பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்குச் சுருட்டு நழுவித் தரையில் விழுந்தது. இரும்புச் சத்தம் கேட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு வாள்.

உறை இல்லை. கைப்பிடியோடு சேர்த்து இரண்டரை அடி நீளம் இருக்கும். இரண்டு பக்கமும் கூர். நேராகப் போகாமல் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி நெளிந்து நெளிந்து போய், நுனிக்குக் கிட்டே நெளிவு அடங்கியிருந்தது. பிடிக்கு மேலே அலகு அகன்று விரிந்து, ஒரு ஓரத்தில் சின்னச் சின்னக் கொக்கிகளாக வெட்டுப்பட்டிருந்தது. பிடியின் அடியில் கறுத்த மரத்தில் ஒரு பறவைத் தலை. வளைந்த மூக்கும், பின்னால் நீண்ட கொண்டையும் தெளிவாகத் தெரிந்தன.

என் கணவர் அதை இரண்டு கையாலும் ஏந்தி வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். பிறகு, "கெடச்சிருச்சு" என்றார்.

"எது?"

"பாட்டன் வாளு."

அவர் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. தேவாரம் என்ற ஊர்ப் பக்கம் காட்டில் இறங்கிய யானைக் கூட்டத்தை அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் ஒற்றை ஆளாக விரட்டினாராம். ஜமீனில் கூப்பிட்டு ஒரு வாள் கொடுத்தார்களாம். அடுத்த முறை யானை வந்தபோது வாளோடு போனவர் வாள் இல்லாமல் திரும்பினாராம். முதல் முறை கம்போடு போய் ஜெயித்தவர், இரண்டாம் முறை வாளோடு போய் ஏன் தோற்றார் என்று நான் கல்யாணமான புதிதில் கேட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கதையை என் முன்னால் சுருக்கமாகத்தான் சொல்வார்கள்.

"யானை தூக்கிட்டுப் போயி மலையில போட்டிருக்கும். தொரை எடுத்து வச்சிருக்காரு" என்றார் கணவர். வேறு விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் சிலமலையிலிருந்து அவருடைய பெரியப்பா மகன் வந்து இறங்கினார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், மற்றவர்களிடம் பேசும்போது பெரிய மாமா என்பேன். நெல்லும் கடலையும் போடுகிற விவசாயி. உரக்கப் பேச மாட்டார், ஆனால் சொன்னதையே சொல்லுவார். சேதி ஒரே ராத்திரியில் எப்படிச் சிலமலைக்குப் போனது என்று இன்றுவரை தெரியாது. காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஏத்தா, அந்த வாளக் கொண்டா பாப்போம்" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூத்த வழி நாங்க. இது எங்க வீட்டுல இருக்கணும்" என்றார்.

"கண்டெடுத்தது நானுண்ணே."

"அலமாரிய வாங்குனது நீ. வாளு மூத்த வழிக்கு."

"அலமாரிக்குள்ளதான இருந்துச்சு?"

"மேல இருந்துச்சுன்னுல்ல சொன்னாக."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்ததை இருவருமே பார்த்துவிட்டார்கள். உடனே என் பக்கம் திரும்பினார்கள். "நீதான சரித்திரம் படிச்சவ. இது யாரு வாளுன்னு நீயே சொல்லு" என்றார் கணவர். பெரிய மாமாவும், "சொல்லுத்தா. நீ சொன்னாச் சரிதான்" என்று காபியைக் கீழே வைத்தார்.

இந்த இடத்தில் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் என் மரியாதை காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் ஏழு வருடம் வகுப்பில் நின்று பழகியவளுக்கு அந்தச் சொல் வாயில் வராது. பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பறவைத் தலையைப் பார்த்தேன். வளைந்த மூக்கு. கிளி. கிளி என்றால் மதுரை. மீனாட்சியின் கையில் இருக்கிற கிளி. "இது மதுரை நாயக்கர் காலத்து வாள்" என்று தீர்ப்புச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு அதில் முழு நம்பிக்கை வந்துவிட்டது.

கணவருக்குச் சந்தோஷம். நாயக்கரிடமிருந்து ஜமீனுக்கு, ஜமீனிலிருந்து பாட்டனுக்கு என்று வழி சுத்தமாகக் கிடைத்துவிட்டது. பெரிய மாமா மட்டும் விடவில்லை. பிடிக்கு மேலே இருந்த கொக்கிகளில் ஒன்றை விரலால் தடவி, "இது என்னதுத்தா?" என்றார். பார்த்தேன். கீழே வளைந்து நுனி சுருண்டு, அசல் தும்பிக்கை.

"யான" என்றார் அவர். "யானைய வெரட்டுனதுக்குக் குடுத்த வாளு. அதான் யானையப் போட்டிருக்கான். தேவாரம் காடு யாரு பங்கு? எங்க பங்கு."

ஆக, ஒரே வாளில் கிளி எங்கள் கட்சியும் யானை அவர் கட்சியுமாகப் பிரிந்தது. கடைசியில் ஆறு மாதம் போடியில், ஆறு மாதம் சிலமலையில் என்று ஒப்பந்தம் ஆனது. வாழைச் சருகில் சுற்றி, அதன் மேல் வேட்டியைச் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். ஒருமுறை கண்டக்டர் என்னவென்று கேட்டதற்கு என் கணவர், "நாதஸ்வரம்" என்று சொல்லிவிட்டார். கண்டக்டருக்குச் சங்கீதத்தில் ஆசை. சிலமலை வரும்வரை இந்த ராகம் தெரியுமா, அந்த ராகம் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். இவர் எல்லாவற்றுக்கும், "இப்ப வாசிக்கிறதில்ல" என்று பதில் சொல்லியிருக்கிறார்.

அந்த வருடம் பள்ளிக்கூட ஆண்டு மலரில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். மூன்று பக்கம். கிளியைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். தலைமையாசிரியை கூட்டத்தில் அதைப் படிக்கச் சொன்னார். எட்டாம் வகுப்புக்கு வாளை எடுத்துப் போய்க் காட்டினேன். அதே வாரம் அதே வகுப்பில் பிலிப்பைன்ஸ் தீவுகள் பாடமும் நடத்தினேன். தலைநகர் மணிலா, முக்கிய விளைபொருள்கள் நெல், தேங்காய், மணிலா சணல் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். வாள் அப்போது மேசைமேல்தான் இருந்தது.

சந்தேகத்தை முதலில் கிளப்பியவர் எங்கள் தெருவில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த ராவுத்தர். சரஸ்வதி பூஜை அன்று தராசு, அருவாமனை, என் பாடப்புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் சந்தனம் குங்குமத்தோடு வாள் இருந்தது. சுண்டல் வாங்கிக்கொள்ள வந்தவர் குனிந்து அலகைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சரம்மா, இதுல எழுத்து இருக்கே."

எழுத்து இருப்பது எனக்கும் தெரியும். பிடிக்குப் பக்கத்தில் மெல்லிய கோடுகளாக ஒரு வரி. "அது வட்டெழுத்து" என்று என் கட்டுரையிலேயே எழுதியிருந்தேன். எனக்கு வட்டெழுத்துப் படிக்கத் தெரியாது. படிக்க முடியாத எழுத்தாக இருந்ததால் அப்படி முடிவு செய்திருந்தேன்.

"எனக்கு அரபி எழுத்து மாதிரி தெரியுது. ஆனா படிக்க வரல" என்றார் ராவுத்தர். "நானே ஓதுனவன். எனக்கே வரலேன்னா எழுதுனவனுக்கும் அரகொறையாத்தான் வந்திருக்கும்."

என் கணவர் அதை ரசிக்கவில்லை. ஆனால் எனக்குள் ஒரு உறுத்தல் உண்டாகிவிட்டது. சென்னையில் ஒரு அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்பது என்று முடிவு செய்தேன். வாளைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஸ்டூடியோவுக்குக் கணவர் வாளோடு போனார். ஒரு வாரம் கழித்துப் படம் வந்தது. பட்டு வேட்டி, தலையில் உருமா, முறுக்கின மீசை, பின்னால் அரண்மனைத் தூண் எழுதிய திரை. வாளைத் தோளில் சாய்த்திருந்தார். அதில் பாதி உருமாவின் வாலுக்குப் பின்னால் போயிருந்தது. வேறு படம் எடுக்கலாம் என்றேன். "இதுல என்ன கொறச்சல்?" என்றார். அதையே அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நான்கே வரி. படத்தில் தங்கள் கணவர் தெளிவாக இருக்கிறார், வாள் தெளிவாக இல்லை. தெரிகிற அளவில் இது நம் நாட்டு வாள் போலத் தோன்றவில்லை. கடல் கடந்த கிழக்கு நாடுகளைச் சேர்ந்ததாக இருக்கலாம். வாளை மட்டும் தனியே படம் எடுத்து அனுப்பவும். இவ்வளவுதான். கணவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "படம் தெளிவா இருக்குன்னுதான போட்டிருக்கான்" என்று முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டார். நானும், ஆண்டு மலர் நினைப்பு வந்து, இரண்டாவது படம் அனுப்புவதைத் தள்ளிப்போட்டேன். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று அது தள்ளிக்கொண்டே போனது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

மூன்றாம் வருடம் தை மாதத்தில் ஒரு நாள் பெரிய மாமா பள்ளிக்கூடத்துக்கே ஆள் அனுப்பிவிட்டார். அவர் வயலில் புது ரக நெல் போட்டு நல்ல விளைச்சல் கண்டிருந்தார். அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து நெல் ஆராய்ச்சி செய்கிற ஒரு அம்மா வருகிறாராம். விவசாய ஆபீசர் கூட வருகிறார், அவருக்கு இங்கிலீஷ் வரும், ஆனாலும் நம்ம ஆள் ஒன்று பக்கத்தில் வேண்டும். ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் கணவரும் சிலமலைக்குப் போனோம்.

வந்த அம்மாவுக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். குள்ளம். ஓலைத் தொப்பி. பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, யாரும் சொல்வதற்கு முன்பே சேற்றில் இறங்கி, நெற்கதிரை உருவிப் பல்லால் கடித்துப் பார்த்தார். வரப்பில் நின்ற பெண்களுக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. பெரிய மாமாவிடம் எத்தனை முறை தண்ணீர் விட்டீர்கள், எத்தனை முறை களை எடுத்தீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். பெரிய மாமா தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நான் பாதியைத்தான் சொன்னேன்.

பிறகு வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்காரவைத்து, அவித்த கடலை கொண்டுவந்து வைத்தார்கள். விவசாய ஆபீசர் தென்னாற்காட்டுக்காரர். ஒரு கடலையை உடைத்துக்கொண்டே, "எங்க ஊர்ல இதுக்கு மணிலான்னுதான் பேரு. உங்க ஊர்லேருந்து வந்தது" என்று இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மா மணிலாவில் படித்தவராம். கடலையை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்கள் ஊரில் இதற்கு மணிலா என்று பெயர் இல்லையே" என்றார்.

அந்த நேரத்தில் பெரிய மாமா வீட்டுக்குள் போனவர், விருந்தாளிக்கு மரியாதை செய்கிறேன் என்று, வாளைக் கொண்டுவந்தார். அது அவருடைய ஆறு மாதம். அலகு முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம், நுனியில் எலுமிச்சம்பழம். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அந்த அம்மா முன்னால் நீட்டினார்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. கையை நீட்டி வாளை வாங்கினார். வாங்கின விதத்திலேயே அவருக்கு அது புதுசில்லை என்று புரிந்தது. கிளித் தலையைத் தடவி, தும்பிக்கையைத் தடவி, என்னைப் பார்த்து, "இது இங்கே எப்படி வந்தது?" என்று கேட்டார்.

"என்னங்குறாக?" என்றார் கணவர்.

"இது எப்படி இங்க வந்துச்சுன்னு கேக்குறாங்க."

"யானை தூக்கிட்டுப் போனதச் சொல்லு."

நான் யானையைச் சொல்லவில்லை. "உங்களுக்கு இது என்னவென்று தெரியுமா?" என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் இறங்கியிருந்தது.

"இதற்குப் பெயர் கிரிஸ். எங்கள் நாட்டின் தெற்குத் தீவுகளில், முஸ்லிம் மக்கள் செய்கிற வாள். நான் வடக்கே பிறந்தவள். என் கணவர் ஊர் தெற்கே, ஜாம்போங்கா. அவருடைய அண்ணன் அங்கே பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். கடைச் சுவர் முழுக்க இதுதான் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போனால் சோறு ஆறும்வரை வாளைப் பற்றித்தான் பேசுவார்."

"ஜாவாவிலும் இப்படி நெளிந்த கத்தி உண்டல்லவா?" என்றேன். எங்கேயோ படித்தது. எதையாவது தெரிந்தவளாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"உண்டு. அது இதைவிடச் சின்னது. பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். குத்துவதற்கு மட்டும்தான் ஆகும். இது பெரியது, வெட்டவும் ஆகும். பிடியைப் பாருங்கள், காக்கட்டுவா." கொண்டை உள்ள ஒரு வெள்ளைப் பறவை அது, கிளிக்குச் சொந்தம் என்று விளக்கினார். "இந்தக் கொக்கியை என் மைத்துனர் யானைத் தும்பிக்கை என்பார்."

அவசரப்பட்டு அதையும் தமிழில் சொல்லிவிட்டேன். பெரிய மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"சொன்னேன்ல. யான. அந்தம்மாவே சொல்லிருச்சு."

"அவங்க ஊர்ல அப்படிச் சொல்வாங்களாம், மாமா. இது அவங்க ஊரு வாளாம்."

"அங்கிட்டு யான இருக்கா, கேளு."

கேட்டேன். நான் பார்த்ததில்லை என்றார் அந்த அம்மா.

"பாத்தியா? யான இல்லாத ஊர்ல எவன் தும்பிக்க செய்வான்? இது தேவாரத்து யானதான்."

பதினைந்து நிமிடம் இந்த வாதம் நடந்தது. அந்த அம்மா பெரிய மாமாவின் ஒவ்வொரு பேச்சையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மதித்துப் பதில் சொன்னார். என் கணவர் மட்டும் அலகில் இருந்த குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மெதுவாக, "முஸ்லிம் வாளுன்னா... நம்ம குங்குமம் வச்சுட்டமே, தப்பா எடுத்துக்குவாகளான்னு கேளு" என்றார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் மைத்துனர் இதைவிட மோசமாக மாட்டுக் கொழுப்பைத் தடவி வைக்கிறார் என்றார். இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

தெற்கில் எந்தத் தீவு என்று தன்னால் சொல்ல முடியாது, மைத்துனரைக் கேட்டு எழுதுகிறேன் என்று என் முகவரியை வாங்கிக்கொண்டு போனார். எழுத மாட்டார் என்று நினைத்தேன். ஒன்றரை மாதத்தில் கடிதம் வந்தது. மைத்துனர் மூன்று கேள்வி கேட்டிருந்தார். அலகின் அடியில் அகன்ற பகுதி தனி இரும்பா, அல்லது கோடு மட்டும் கீறியதா? அந்தக் கோடு கடைசிவரை நேராக ஓடுகிறதா, முடிவில் சரிகிறதா? நெளிவுகள் எத்தனை?

முதலில் சந்தனத்தைக் கழுவ வேண்டும். கணவர் நாள் பார்த்தார். ஒரு வியாழக்கிழமை பெரிய மாமா வாளோடு போடிக்கு வந்தார், மூன்று பேருமாகக் கொல்லையில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். மூன்று வருடத்துக் குங்குமம் சிவப்பாகக் கரைந்து ஓடியது. இரும்பில் மரத்து ரேகை மாதிரி மெல்லிய வரிகள் தெரிந்தன. அடிப்பகுதி தனி இரும்புதான். ஊசியை விட்டுப் பார்த்தேன், இடைவெளியில் நுழைந்தது. கோடு நேராக வந்து, கடைசி விரற்கடையில் சட்டென்று சாய்ந்தது.

நெளிவு எண்ணுவதுதான் பெரிய சோலியாகப் போயிற்று.

"பதிமூணு" என்றார் கணவர்.

"பதினொண்ணு" என்றார் பெரிய மாமா.

"நல்லா எண்ணுங்கண்ணே."

"நான் அம்பது வருசமா வரப்பு எண்ணுறவன். பதினொண்ணு."

ஒருவர் இடது ஓரத்தை எண்ணினார், ஒருவர் வலது ஓரத்தை. ஒருவர் நுனியிலிருந்து, ஒருவர் பிடியிலிருந்து. நுனிக்குக் கிட்டே நெளிவு அடங்கிப்போகிற இடத்தில் அது நெளிவா இல்லையா என்பதில் அரைமணி நேரம் போனது. ராவுத்தரைப் பொதுவான ஆளாகக் கூப்பிட்டோம். அவர் சாக்கட்டி கேட்டு வாங்கி, ஒவ்வொரு நெளிவிலும் புள்ளி வைத்து எண்ணி, பன்னிரண்டு என்றார். ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த அம்மா கடிதத்திலேயே குறித்திருந்தார். "அப்ப நீங்க ரெண்டு பேரும் சொன்னதுல ஒண்ணு எழுதிக்கங்க டீச்சரம்மா, எனக்குக் கடையில ஆளு நிக்கிது" என்று ராவுத்தர் போய்விட்டார். நான் நூலை வைத்து நடுக்கோடு பிடித்து எண்ணினேன். பதினொன்று. பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மூன்றுக்கும் பதில் எழுதி, இந்த முறை வாளை மட்டும் படம் எடுத்து அனுப்பினேன். ஜாம்போங்காக்காரர் நேரடியாக எனக்கே எழுதினார். கோடு முடிவில் சரிந்திருப்பதால் மிகப் பழையது இல்லை, ஆனால் தனி இரும்பு என்பதால் சுற்றுலாக்காரர்களுக்குச் செய்த புதுசும் இல்லை. காக்கட்டுவாவின் வடிவமும் அடக்கமான வேலைப்பாடும் சூலுத் தீவைக் காட்டுகின்றன. ஆனால் அதே தெற்கில் இருக்கிற மகிந்தனாவோ மக்களும் இப்படிச் செய்ததுண்டு, கையில் எடுத்துப் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். எழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது அரபியைப் போல் தோன்றும் அலங்காரம். கொல்லர்களில் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

ராவுத்தர் கடைக்குப் போய் இந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டினேன். "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று அரை மணி நேரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மலைக்கு எப்படி வந்தது என்பது மட்டும் தெரியவில்லை. குன்னூருக்கு எழுதினேன். துரை பதில் போட்டார். அந்த அலமாரியைத் தானும் மூணாறில் யாரிடமோ பழசாகத்தான் வாங்கியதாகவும், உச்சியில் ஏறிப் பார்த்ததே இல்லை என்றும் எழுதி, வேறு ஏதாவது அதில் இருந்ததா என்று கேட்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டியிருந்தது. நான் வாளைக் காட்டிய எட்டாம் வகுப்பு அப்போது பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தது. வகுப்பில் நின்று, நான் சொன்னது தப்பு, அது நாயக்கர் வாள் இல்லை, பிலிப்பைன்ஸ் வாள் என்றேன். நாற்பது பெண்களும் என்னையே பார்த்தார்கள். முன் பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "டீச்சர், பரீட்சையில கேட்டா எதை எழுதணும்?" என்றாள். கேட்க மாட்டார்கள் என்றேன். "அப்பச் சரி டீச்சர்" என்று உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாளாகத் தூக்கமில்லாமல் ஒத்திகை பார்த்த மன்னிப்பு அத்தோடு முடிந்தது.

வீட்டில்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. பாட்டன் வாள் இல்லை என்றதும் கணவர் மனம் உடைந்துபோவார் என்று நினைத்தேன். ஒரு நாள் சோர்வாக இருந்தார். மறுநாள் கடைத்தெருவிலிருந்து வந்தவர் முகம் வேறு மாதிரி இருந்தது. அப்போதெல்லாம் ஃபாரின் வாட்ச், ஃபாரின் டார்ச், ஃபாரின் சேலை என்று ஊரே அலைந்த காலம். "போடியில எவன் வீட்டுலயாவது ஃபாரின் வாளு இருக்கா?" என்றார். உடனே பெரிய மாமாவும், இது என்னுடைய ஆறு மாதம், இன்னும் நாலு நாள் பாக்கி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பக்கத்து ஊர்களில் ஒரு தகராறு நடந்து, போலீஸார் வீடு வீடாக அரிவாள், வேல்கம்பு என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் பரணில் இருந்ததை நாதஸ்வரம் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. மதுரையில் ஒரு கல்லூரியில் பழம்பொருள் அறை இருந்தது. அங்கே கொடுத்துவிடுவது என்று முடிவானது. சகோதரர்கள் இருவரும் ஒன்றாகவே போய்க் கொடுத்தார்கள். நான் கடிதங்களின் நகலை உறையில் போட்டுக் கூடவே அனுப்பினேன். வாளைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள், கடித உறையைக் கொடுக்க மறந்துவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படி மறந்தது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போனபோது நானும் பார்க்கப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வாள் இருந்தது. கீழே அட்டையில், "நெளிவு வாள். இடம்: போடிநாயக்கனூர்" என்று எழுதியிருந்தது. கொடுத்தவர்களின் முகவரியைத்தான் அப்படிப் போட்டிருந்தார்கள். என் கணவர் அட்டையை நிதானமாகப் படித்தார். பிறகு பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த உடைந்த பானைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் அந்த அறைக்குப் பொறுப்பான இளம் பேராசிரியரைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். ஊருக்கு வந்ததும் நகல்களைத் தபாலில் அனுப்பினேன். ஒரு மாதத்தில் பதில் போட்டார். அட்டையை மாற்றிவிட்டதாகவும், ஜாம்போங்காக்காரரே உறுதியாகச் சொல்லாததால், "பிலிப்பைன்ஸ், சூலுத் தீவு" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்.

கணவரிடம் படித்துக் காட்டினேன். முன்னறையில் ஏலக்காய் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"கேள்விக்குறி எதுக்கு?"

"உறுதியாத் தெரியலன்னா அப்படித்தான் போடணும்."

"அப்ப நம்ம ஊரு பேரப் போட்டு ஒரு கேள்விக்குறியப் போட்டிருக்கலாம்ல" என்றார்.

சிலமலைக்கும் சேதி போனது. பெரிய மாமா ஒரு வாரம் கழித்து மதுரைக்கு ஏதோ வேலையாகப் போனவர், அந்த அறைக்கும் போய்விட்டு, திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் இறங்கினார். நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பேராசிரியரிடம் பேசிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"என்ன பேசுனீங்க மாமா?"

"நல்ல பையன்த்தா. தும்பிக்கையக் காட்டுனேன். ஆமா ஐயா, தும்பிக்கை மாதிரிதான் இருக்குன்னு ஒத்துக்கிட்டான்."